ஈசான மூலையில் மெனு

தென்கிழக்கு மெல்பர்ன் தமிழர் நல்வாழ்வு மன்றத்துக்கு இருபத்தொரு கணினிகள் இனாமாக வந்து சேர்ந்தன. காசு கொடுத்து வாங்கும் பொருள் என்றால் எந்த மன்றமும் ஒரே கூட்டத்தில் முடிவெடுத்துவிடும். இனாமாக வந்ததைப் பற்றி முடிவெடுக்கத்தான் ஆயுள் போதாது. ஆகவே ரோவில் புறநகரில் உள்ள மன்ற மண்டபத்தில் பெட்டிகள் இறக்கப்பட்ட அன்றே, "மேற்படி கணினிகளை உரிய முறையில் பரிசீலித்து ஆவன செய்யும் பொருட்டு" ஒரு குழு அமைக்கப்பட்டது.

கணினிகளைக் கொடுத்தது ஒரு கணக்காளர் நிறுவனம். வாடிக்கையாளர் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று, உள்ளே இருந்த எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மின்னும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

குழுவில் கணினி தெரிந்தவன் கௌரிசங்கர் ஒருவன்தான். அதனால் அவனுக்கு ஓட்டு கிடையாது, ஆலோசனை சொல்லலாம். ஒரு பொங்கல் விழாவில் மைக் கரகரத்தபோது வயரைச் சரியாகச் செருகிவிட்டான் என்பதற்காக அவனைத் தொழில்நுட்பச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். திருச்சிப் பையன், தற்காலிக விசா. நிரந்தர விசாவுக்குப் புள்ளிகள் சேர்க்க ஆங்கிலத் தேர்வு எழுதி எழுதி, ஒவ்வொரு தடவையும் மயிரிழையில் கோட்டை விட்டுக்கொண்டிருந்தான். பெரியவர்களை எதிர்த்துப் பேசும் துணிச்சல் அவனிடம் இல்லை. மனதுக்குள் பேசுவான், அங்கே வெளுத்து வாங்குவான்.

அவனுக்கு இந்தக் கணினிகளில் ஒரே ஒரு அக்கறை இருந்தது. அதன் பெயர் கேதீஸ்வரன். இலங்கையிலிருந்து படகில் வந்து பல வருடமாகியும் பிரிட்ஜிங் விசா என்ற இடைக்கால அனுமதியிலேயே நின்றுபோன ஆள். கோழி வெட்டும் தொழிற்சாலையில் தரை கழுவிக்கொண்டே, முதியோர் பராமரிப்புப் படிப்பு ஒன்றை முட்டி மோதி முடித்திருந்தான். கடைசிப் பரீட்சை பாக்கி. அதை வீட்டில் எழுதக் கூடாது, கைப்பேசியிலும் கூடாது; பதிவு செய்த சமூக மண்டபம் ஒன்றில், அங்கேயே இருக்கும் கணினியில், கேமரா முன்னால் உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்பது கல்லூரியின் விதி. அவன் இந்த மன்றத்தின் மண்டபத்தைப் பதிவு செய்திருந்தான். தேறினால் கேரம் டவுன்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை காத்திருந்தது. தேறாவிட்டால் கோழிதான்.

"அண்ணை, சோதினைக்கு முதல் கொம்பியூட்டர் வேலை செய்யும்தானே?" என்று கேட்டிருந்தான் கேதீஸ்வரன்.

"அதெல்லாம் ஒரு வாரத்துல முடிச்சிடலாம் கேதீஸ்" என்றான் கௌரிசங்கர். மன்றத்துக்கு அவன் புதுசு.

முதல் கூட்டத்தில் அவன் பொறுமையாக விளக்கினான். கணினியில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று இயங்குதளம். அதுதான் உள்ளே இருந்து வேலை செய்வது, வைரஸைத் தடுப்பது, பரீட்சை மென்பொருளை ஓட்டுவது. இன்னொன்று முகப்பு. மெனு எங்கே இருக்கிறது, என்ன நிறம் என்பதெல்லாம் அது. முதலாவதைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவதை அப்புறம் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம்.

தலைவர் கதிர்காமநாதன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பொறியியலாளர். பதவியிலிருந்து மட்டும் ஓய்வு பெறத் தெரியாதவர்.

"இந்த இயங்குதளம் எண்டது வெளியிலை தெரியுமோ?"

"தெரியாது அங்கிள். உள்ளே இருக்கும்."

"ஒருத்தருக்கும் தெரியாது?"

"தெரியாது."

"அப்ப ஏதாவது ஒண்டைப் போடுங்கோ" என்றார் தலைவர். இயங்குதளம் எதுவாகவும் இருக்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. தேநீர் ஆறுவதற்குள் அந்த விவகாரம் முடிந்துவிட்டது. பிறகு எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முகப்புக்கு வந்தார்கள்.

கௌரிசங்கர் அவசரக்காரன். மாதிரிக்கு ஒரு கணினியில் நல்ல இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்கெனவே ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். அது சொன்ன வேலையைச் செய்தது. ஆனால் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இதென்ன, செத்த வீட்டுக்கு வந்த மாதிரி?" என்றார் தலைவர்.

"எமோஷனல் கனெக்ட் ஜீரோ" என்றாள் செயலாளர் கிரிஜா.

அந்தக் கணினி நிராகரிக்கப்பட்டு, மண்டபத்துக் குசினியில், தெற்குச் சுவரோரம், இட்லிப் பானைகளுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. மன்றப் பதிவில் அதற்கு நேரே "பழுது" என்று எழுதினார்கள். சமைக்க வரும் அன்ரிமார் அதில் ஊருக்கு வீடியோவில் பேசினார்கள், மின்சார பில் கட்டினார்கள், ரசத்துக்குச் செய்முறை பார்த்தார்கள். மற்ற இருபது கணினிகளிலும் முகப்பு முடிவாகும் வரை உள்ளே எதையும் நிறுவக் கூடாது என்று இரண்டாவது தீர்மானம் நிறைவேறியது.

கிரிஜா நகரத்தில் ஒரு வங்கியில் பயனர் அனுபவ வடிவமைப்பாளர். அந்தத் தொழிலுக்கு முக்கியமான கருவி, பின்பக்கம் பசை தடவிய வண்ணக் காகிதம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபச் சுவர் முழுக்க அதை ஒட்டி ஒரு பட்டறை நடத்தினாள். உண்மையான பயனர் ஒருவர் வேண்டும் என்றதால் கௌரிசங்கர் கேதீஸ்வரனைக் கூட்டிவந்தான். இரவு வேலை முடித்து, தூங்காத கண்ணோடு வந்து உட்கார்ந்தான் அவன்.

"கேதீஸ், இந்த ஸ்கிரீனைப் பார்த்தா உங்களுக்கு என்ன ஃபீலிங் வருது?"

"எனக்குச் சோதினை இருக்கு அக்கா."

"அது தேவைங்கிற பட்டியல்ல வரும். நான் கேக்கிறது உணர்வு."

"பயமாய் இருக்கு."

கிரிஜா மலர்ந்துபோய், இளஞ்சிவப்புத் தாளில் "பயம்" என்று எழுதி ஒட்டினாள். "எதனால பயம்? கலராலயா, எழுத்து சைஸாலயா?"

"சோதினையாலை அக்கா."

"கலர்னு போட்டுக்கிறேன்."

அதற்குப் பிறகு கேதீஸ்வரனை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, சிவபாலன் என்று ஒரு கற்பனைப் பயனரை உண்டாக்கினார்கள். சிவபாலனுக்கு நடுத்தர வயது, ஒரு மனைவி, சிட்னி நார்த்மீட்டில் ஒரு மைத்துனர், சர்க்கரை வியாதி. அவருக்கு மயில் பிடிக்கும். பச்சை பிடிக்கும், ஆனால் கடும்பச்சை பிடிக்காது. சிவபாலனுக்கு எது பிடிக்கும் என்று மதியச் சாப்பாடு வரைக்கும் அடித்துக்கொண்டார்கள்.

"நிஜ ஆள் இங்கேயே உக்காந்திருக்காரே, அவரைக் கேக்கலாமே?" என்றான் கௌரிசங்கர்.

"அவர் சொல்றது ஒருத்தரோட கருத்து" என்றாள் கிரிஜா, குழந்தைக்குச் சொல்வது போல. "சிவபாலன் சொல்றது ஆயிரம் பேரோட கருத்து."

ஓரத்தில் கேதீஸ்வரன் கதிரையிலேயே தூங்கிப்போயிருந்தான். அதையும் ஒரு மஞ்சள் தாளில் குறித்துக்கொண்டார்கள்.

மெனுவை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோதுதான் சடகோபன் எழுந்தார். மகன் வீட்டோடு இருக்க வந்தவர், வந்த இடத்தில் வாஸ்து பார்க்க ஆரம்பித்து, ரோவிலில் பாதிப் பேரைக் கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் குடிமாற்றியவர்.

"மெனுங்கிறது வாசல். வாசல் ஈசான மூலையிலே இருக்கணும். வடகிழக்கு. அந்தக் குப்பைத்தொட்டி இருக்கே, அழிச்சதைப் போடறது, அது தென்மேற்கிலே. மாத்திப் போட்டா மன்றம் உருப்படாது."

சபை ஆடிப்போய்விட்டது. குப்பைத்தொட்டியை இத்தனை நாள் வீட்டுக் கணினியில் எந்த மூலையில் வைத்திருந்தோம் என்று பலரும் மனதுக்குள் நினைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் கைப்பேசியில் வீட்டுக்குப் பேச வெளியே போனார்கள்.

"ஒரு சந்தேகம்" என்றார் தலைவர். "இது தென்கோளம். இங்கை சூரியன் வடக்காலை போறது. அப்ப வாஸ்து தலைகீழோ?"

நல்ல கேள்வி. அதற்கு இரண்டு கூட்டம் பிடித்தது. இறுதியில் சடகோபன் தீர்ப்புச் சொன்னார்: கணினி சீனாவில் செய்தது, ஆகவே வடகோளத்துப் பிரஜை, திரைக்கு வடகோள விதி. மேசை உள்ளூரில் செய்தது; மேசைக்குத் தென்கோள விதி. சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் எந்தக் கோளம் என்பதை மட்டும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

கௌரிசங்கர் கணக்குப் போட்டுப் பார்த்தான். பத்துக் கணினிகள் கிழக்குச் சுவரோரம், பத்து மேற்குச் சுவரோரம். கிழக்கு நோக்கி உட்காருகிறவனுக்கு ஈசானம் திரையில் இடது மேல் மூலை. மேற்கு நோக்கி உட்காருகிறவனுக்கு அது வலது கீழ் மூலை. அதாவது ஒரு வரிசையில் மெனு இருக்கும் அதே இடத்தில் அடுத்த வரிசையில் குப்பைத்தொட்டி.

"இந்த வரிசையில பழகினவன் அந்த வரிசையில போய் உக்காந்தா, மெனுன்னு நினைச்சுக் குப்பைத்தொட்டியை அமுக்குவான் அங்கிள்."

"வரிசை மாறி ஏன் இருக்கிறான்?" என்று கேட்டார் தலைவர். "ஒழுக்கமாய் ஒரு இடத்திலை இருக்கச் சொல்லுங்கோ."

அவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, "சரி அங்கிள்" என்றான்.

குழுவுக்குக் காட்டுவதற்காக வீட்டில் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தான். வெறும் படம். மேலே மாவிலைத் தோரணம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, அம்புக்குறிக்குப் பதில் சிவபாலனுக்குப் பிடித்த மயில், கடும்பச்சை அல்லாத பச்சை, நடுவில் "நல்வரவு", அதற்குக் கீழே தலைவரின் புன்னகை. கிழக்கு வரிசைக்கு ஒன்று, மேற்கு வரிசைக்கு அதன் தலைகீழ். குழு மெய்மறந்துபோனது. மாமாங்கமாய்ச் சண்டை போட்ட இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டார்கள். படத்தில் உள்ளபடி ஒரு புள்ளியும் மாறாமல் முகப்பு அமைய வேண்டும் என்று வியாழக்கிழமை மாலை தீர்மானமாயிற்று. சனிக்கிழமை காலை நகரசபை உறுப்பினர் அம்மையார் கையால் திறப்பு விழா. நாள் சடகோபன் குறித்துக் கொடுத்தது. அதே சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கேதீஸ்வரனுக்குப் பரீட்சை.

"அங்கிள், இந்த மாதிரி முகப்பு எந்த இயங்குதளத்துலயும் வராது. தோரணம் மறைச்சுக்கிட்டு ஒண்ணையும் திறக்க முடியாது."

"அப்ப இயங்குதளத்தை விடுங்கோ தம்பி" என்றார் தலைவர், ஒரு பிரச்சினையைத் தீர்த்த திருப்தியோடு. "முகப்பு இருக்குத்தானே?"

அவன் அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசிக்க யோசிக்க, இந்த விழாவுக்கு அதுவே போதும் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. இருபது பென் டிரைவ் வாங்கினான். செருகி ஆன் செய்தால் படத்தை மட்டும் காட்டும், வேறு எதற்கும் அசையாது. கூட்டம் கலைந்ததும் ஒரு கணினியில் ஒழுங்காக இயங்குதளத்தை ஏற்றிவிட்டால் கேதீஸ்வரன் பரீட்சை எழுதிவிடலாம், அரை மணி நேர வேலை என்று கணக்குப் போட்டான்.

சனிக்கிழமை குத்துவிளக்கு ஏற்றினார்கள். இந்த மண்ணின் பழங்குடி மக்களுக்கு வணக்கம், தேவாரம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. இருபது திரைகளும் ஒரே நேரத்தில் தோரணத்தோடு ஒளிர்ந்தபோது சபை எழுந்து நின்று கைதட்டியது. அம்மையார் பொன்னாடையோடு உட்கார்ந்து மவுஸை அசைத்தார். மயில் அசையவில்லை. இன்னொரு தடவை அசைத்தார்.

"எவ்வளவு அமைதியான டிசைன்!" என்றார் ஆங்கிலத்தில்.

"மினிமலிசம்" என்றாள் கிரிஜா, கண் கலங்க.

புகைப்படம் எடுத்தார்கள். வேறு யாரும் மவுஸைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனால் பேச வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. தலைவர் பேசினார், முன்னாள் தலைவர்கள் பேசினார்கள், சடகோபன் ஈசானத்தைப் பற்றிப் பேசினார். கடைசிப் பேச்சாளர் இறங்கும்போது இரண்டு மணி ஆகப் பத்து நிமிடம். கேதீஸ்வரன் வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டு, கிழக்கு வரிசையில் முதல் கதிரையில் உட்கார்ந்து, ஈசான மூலையை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

"அண்ணை, திறக்குதில்லை."

"அது படம் கேதீஸ்."

"என்ன படம்?"

"உள்ளே ஒண்ணுமில்லை. வெறும் படம்."

கேதீஸ்வரன் அவனைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. "நான் நேற்று வேலையை விடுறன் எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை" என்று மட்டும் சொன்னான்.

கௌரிசங்கருக்கு அப்போதுதான் குசினி ஞாபகம் வந்தது. அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். இட்லிப் பானைகளுக்குப் பக்கத்தில், தெற்குச் சுவரோரம், எண்ணெய்ப் பிசுக்கோடு, பழுது என்று பதிவான அந்தச் சாம்பல் கணினி சமத்தாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு அன்ரி யாழ்ப்பாணத்துத் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, சோதினை! இப்பவே!"

"ஐயோ, இரு பிள்ளை, வைக்கிறன்" என்று அவள் எழுந்துகொண்டாள்.

கேமராவில் கண்காணிப்பாளர் தோன்றினார். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். பின்னால் இருக்கும் அந்தப் பெரிய உலோகப் பொருள் என்ன என்று கேட்டார். அது நீராவியில் உணவு சமைப்பது, தகவல் எதையும் தராது என்று கேதீஸ்வரன் உறுதி கூறிய பிறகு பரீட்சை தொடங்கியது. மன்றத்தின் வரலாற்றில் குசினி பேச்சு மூச்சில்லாமல் இருந்தது அன்று ஒரு நாள்தான். அன்ரிமார் பாத்திரத்தைக் கூடக் கழுவாமல் வாசலில் காவல் நின்றார்கள்.

கேதீஸ்வரன் தேறிவிட்டான். நல்ல மதிப்பெண்.

செய்தி பரவியதும் தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். "எங்கட கணினித் திட்டத்தாலை ஒரு வாழ்வு மலர்ந்திருக்கு" என்று ஆரம்பித்தார். கௌரிசங்கரால் பொறுக்க முடியவில்லை. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எழுந்து நின்றான்.

"அங்கிள், அந்த இருபது கணினியிலயும் ஒண்ணுமே இல்லை. வெறும் படம். அவர் எழுதினது குசினியில தெற்குச் சுவரோரம் இருக்கிற சாம்பல் கணினியில."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உண்மை உள்ளே இறங்குகிறது என்று அவன் நினைத்தான்.

"சாம்பலோ?" என்றார் தலைவர் மெதுவாக.

"தெற்குப் பார்த்தா?" என்றார் சடகோபன். அவர் முகம் பிரகாசமாயிற்று. "அதான் விஷயம்! நான் அன்னிக்கே நினைச்சேன். தென்கோளத்திலே தெற்குதான் வடக்கு. கணினி இங்கே வந்து இத்தனை மாசம் ஆச்சு, அதுவும் இந்த மண்ணுக்குப் பழகிடுத்து."

"யூஸர் டெஸ்டிங்ல நூறு சதவீதம் சக்சஸ்" என்றாள் கிரிஜா. "ஒருத்தர் எழுதினார், ஒருத்தர் பாஸ்."

இருபது கணினிகளும் சாம்பல் நிறத்துக்கு மாற்றப்பட்டு, தெற்குச் சுவரோரம் வைக்கப்படும் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. தெற்குச் சுவரில் கழிப்பறைக் கதவுகள் இருந்தன. அவற்றை இடம் மாற்ற நகரசபைக்கு எழுதுவதென்றும் முடிவாயிற்று.

"உள்ளே என்ன போடுறது அங்கிள்?"

"அது சில்லறை விசயம். முதலிலை எந்தச் சாம்பல் எண்டு பாப்பம். விபூதிச் சாம்பலோ, அடுப்புச் சாம்பலோ?"

அதற்கு ஓர் உபகுழு அமைந்தது. அது முடிவு சொல்லும் வரை உள்ளே எதையும் நிறுவக் கூடாது. வெற்றி பெற்ற பயனர் என்ற முறையில் கேதீஸ்வரனுக்குப் பொன்னாடை போர்த்தி, உபகுழுவில் இடம் கொடுத்தார்கள். இவனாவது சொல்லுவான் என்று கௌரிசங்கர் அவனையே பார்த்தான். கேதீஸ்வரன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

"எனக்கு ஞாபகம் இருக்கிறபடிக்கு" என்றான் யோசனையோடு, "அது கொஞ்சம் மங்கல் சாம்பல். ஓரத்திலை ஒரு நீலம் அடிச்ச மாதிரி."

நீலம் என்றதும் சபையில் சலசலப்பு எழுந்தது. கௌரிசங்கர் நடுவிலேயே எழுந்து வந்துவிட்டான். வழி நெடுகக் காருக்குள் வாய்விட்டுத் திட்டினான். மூடர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்தார்களா, நிறத்தையும் மூலையையும் கட்டிக்கொண்டு அழட்டும் என்று திட்டித் தீர்த்தான். தன்னைப் போல விஷயம் தெரிந்தவன் அங்கே இருப்பதே தப்பு என்று ராஜினாமாக் கடிதம் எழுதவும் தீர்மானித்தான்.

அடுத்த திங்கட்கிழமை அவனுக்கு மறுபடியும் ஆங்கிலத் தேர்வு. ஞாயிறு காலை மாதிரித் தேர்வு எழுத மடிக்கணினியைத் திறந்தான். கிழக்கு ஜன்னலோரம், வெயில் படும் அவனுடைய வழக்கமான மேசை. இந்த மேசையில் உட்கார்ந்து படித்துத்தான் எல்லாத் தடவையும் போயிற்று. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அமைப்புகளுக்குள் போய், பின்னணியில் இருந்த கடற்கரையை எடுத்துவிட்டு, நிறங்களைத் தேடினான். மங்கலாக ஒன்று கிடைத்தது.

மனைவி வர்ஷா குளித்துவிட்டு வந்து பார்த்தபோது மேசை காலியாக இருந்தது. சமையலறையில், வெயிலே எட்டிப் பார்க்காத தெற்குச் சுவரோரம், இட்லிக் குக்கருக்குப் பக்கத்தில் அவன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இங்க என்ன பண்றீங்க?"

"இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றான் கௌரிசங்கர்.

வர்ஷா லைட்டைப் போட்டுவிட்டுப் போனாள்.